லித்தியத்தை மருந்தாக்கிய மருத்துவர்

காய்ச்சல் நான்கு நாள் நீடித்தால் குருதியைச் சோதிக்கிறோம். மலேரியாவா, டெங்குவா, டைபாய்டா என்பதை ஆய்வுக்கூடத்துத் தாள் சொல்லிவிடுகிறது. சர்க்கரை நோய்க்கும் குருதிச் சோதனை. மஞ்சட்காமாலைக்கும் குருதிச் சோதனை. நோய் என்று ஒன்று இருந்தால் அதற்குக் குருதியிலே ஒரு சான்றும் இருந்தே தீரவேண்டும் என்று நாம் எண்ணப் பழகிவிட்டோம். சான்று இல்லாவிடில் நோயே இல்லை என்றும் சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். மனநோய்க்கு ஆளானவர்கள் இந்த முடிவினால் படும் துன்பம் கொஞ்சமன்று. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை; ஆகவே இவன் சோம்பேறி, அல்லது திமிர் பிடித்தவன், அல்லது பேய் பிடித்தவன் என்று பேச்சு போகிறது.

நான் உயிர்வேதியியல் பயிலும் முதுகலை மாணவன். ஆதலால் இருமுனை மனநோயைக் குருதிச் சோதனையால் கண்டுபிடிக்க முடியுமா என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அவ்வினாவிற்கு ஒரே சொல்லில் விடை பகர்வதைவிட, அதே வினாவோடு வாழ்ந்த ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்வது நலம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பெயர் ஜான் கேட். மருத்துவ உலகம் நன்கறிந்த பெயர் அது. அவர் தேடிய பொருள் அவருக்குக் கிடைக்கவில்லை. தேடாத பொருளோ கிடைத்து, உலகெங்கும் எண்ணற்ற குடும்பங்களில் விளக்கேற்றியது.

இருமுனை மனநோய் என்பதை ஆங்கிலத்தில் பைபோலார் என்பர். இந்நோய் உடையவரின் மனம் சில வாரங்களோ மாதங்களோ வரம்பின்றிப் பொங்கி எழும். உறக்கம் வேண்டாததாகிவிடும், பேச்சு ஓயாது, கையிலுள்ள பணம் தண்ணீராய்ச் செலவாகும், உலகையே வென்றுவிடலாம் என்ற துணிவு பிறக்கும். பிறகு ஒரு காலம் அதே மனம் படுகுழியில் விழும். எழுந்து பல் துலக்குவதும் மலையைத் தூக்குவது போலத் தோன்றும். உயிரோடு இருப்பதே சுமையாகும். இரண்டிற்கும் இடையே அவர் நம்மைப் போல இயல்பாகவும் இருப்பார். இந்நோய் பலருக்கும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது. அது நம் வயது அன்றோ? ஆகவே இது எங்கோ யாருக்கோ வரும் நோய் என்று நாம் இருந்துவிட முடியாது.

ஆஸ்திரேலிய நாட்டு விக்டோரியா மாநிலத்தில் முர்ட்டோவா என்பது ஒரு சிற்றூர். அங்கே 1912-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 18-ஆம் நாள் ஜான் கேட் பிறந்தார். தந்தை டேவிட் ஊர் மருத்துவர். முதல் உலகப்போர் மூண்டபோது அவர் படையோடு கலிப்போலிக்கும் பிரான்சுக்கும் சென்றார். திரும்பி வந்தவர் பழைய மனிதராக வரவில்லை. போர்க்களத்தின் களைப்பு அவரை விட்டு நீங்கவில்லை. ஊர் மருத்துவத் தொழிலைத் தொடர்ந்து நடத்த இயலாமல், அரசாங்க மனநோய் மருத்துவமனைகளில் பணியேற்றார். அக்காலத்தில் மருத்துவரின் குடும்பம் மருத்துவமனை வளாகத்திலேயே வாழும். எனவே சன்பரி, பீச்வொர்த் முதலிய இடங்களிலிருந்த மனநோய் மருத்துவமனைகளே சிறுவன் ஜானுக்கு விளையாட்டுத் திடலாயின. ஊரார் அஞ்சி ஒதுக்கிய மக்கள் அவருக்கு அண்டை வீட்டார் ஆயினர். மனநோயாளி என்றால் விலங்கன்று, நோயுற்ற மனிதர் என்னும் பாடத்தை அவர் பள்ளி செல்லும் வயதிலேயே கற்றுக்கொண்டார்.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று இளம் வயதிலேயே பட்டம் பெற்றார். குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியபோது கடும் நுரையீரல் அழற்சி கண்டு சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். 1937-இல் ஜீன் என்னும் செவிலியை மணந்தார். தந்தையின் வழியிலேயே மனநோய் மருத்துவத் துறையில் சேர்ந்தார். 1938-இல் எம்.டி. பட்டமும் பெற்றார். வாழ்க்கை ஒழுங்காக ஓடத் தொடங்கிய அவ்வேளையில் இரண்டாம் உலகப்போர் குறுக்கிட்டது.

1941-இல் ஆஸ்திரேலியப் படையின் மருத்துவப் பிரிவோடு அவர் சிங்கப்பூர் சென்றார். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் வீழ்ந்தது. பல்லாயிரம் வீரரோடு டாக்டர் கேட் சாங்கியில் போர்க்கைதியானார். மூன்றரை ஆண்டுகள் அங்கே கழிந்தன. உணவு குறைவு, மருந்து குறைவு, நோயோ மிகுதி. சத்துக் குறைந்தால் உடல் மட்டும் நலிவதில்லை, அறிவும் மனமும்கூடத் தடுமாறும் என்பதற்கு அச்சிறைவாசமே சாட்சியாக இருந்தது. மனநோய்க்கும் உடலில் ஒரு வேர் இருக்கவேண்டும் என்னும் எண்ணம் அவருள் வலுப்பெற்றது. 1945-இல் விடுதலையாகி எலும்பும் தோலுமாக வீடு திரும்பினார். உடல் மெலிந்திருந்தது, அந்த எண்ணம் மெலியவில்லை.

போருக்குப் பின் மெல்பர்ன் நகரையொட்டிய பண்டூரா என்னும் இடத்தில், முன்னாள் படைவீரர்க்கான மனநோய் மருத்துவமனையில் அவர் பணியமர்ந்தார். அங்கே தம் வினாவைத் தொடுத்தார். தைராய்டுச் சுரப்பு மிகுந்தால் மனிதர் பரபரப்பு அடைகிறார். குறைந்தால் மந்தம் அடைகிறார். அதுபோல, உடலில் இயல்பாக உண்டாகும் ஏதோ ஒரு பொருள் மிகுவதால் மனவெழுச்சியும், குறைவதால் மனச்சோர்வும் தோன்றலாகாதா? அப்படி ஒரு பொருள் உண்டாயின் அது குருதியில் ஓடும். மிகுதியானது சிறுநீரில் வெளியேறும். அதைப் பிடித்துவிட்டால் நோயையே பிடித்துவிடலாம்.

நண்பர்களே, இன்று பயோமார்க்கர் என்றும் உயிர்க்குறி என்றும் நாம் பேசுவது இதைத்தான். உடல் நீர்மங்களில் நோயின் கையெழுத்தைத் தேடும் முயற்சி அது. இன்றைய ஆய்வாளர்க்கு இலட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகள் உண்டு. அவருக்கோ பயன்படாமல் கிடந்த ஒரு சமையற்கட்டு அறைதான் ஆய்வுக்கூடம். நோயாளிகளின் சிறுநீர் நிறைந்த புட்டிகளை வீட்டுக் குளிர்பெட்டியில் உணவுப் பண்டங்களோடு சேர்த்து வைத்திருந்தார் என்பர். அந்த அம்மையாரின் பொறுமையை நாம் வியக்காமல் இருக்க முடியாது!

மனவெழுச்சியுற்றோர், மனச்சோர்வுற்றோர், நலமுள்ளோர் ஆகியோரின் சிறுநீரைக் கினிப்பன்றிகளின் வயிற்றறையில் ஊசிவழிச் செலுத்திப் பார்த்தார். எல்லாச் சிறுநீரும் அளவு மிகுந்தால் அவ்வுயிர்களைக் கொன்றன. ஆயினும் மனவெழுச்சியுற்ற சிலரின் சிறுநீர் குறைந்த அளவிலேயே கொல்வதாக அவருக்குத் தோன்றியது. கொல்லும் பொருள் யூரியா என்று கண்டார். அதன் நஞ்சை யூரிக் அமிலம் கூட்டுகிறதோ என்று ஐயுற்றார். யூரிக் அமிலமோ நீரில் எளிதில் கரையாதது. அதன் உப்புகளில் நன்கு கரைவது லித்தியம் யூரேட். ஆகவே கரைய வேண்டும் என்ற ஒரே காரணத்திற்காக லித்தியத்தைத் துணைக்கு அழைத்தார்.

லித்தியம் 1817-இல் சுவீடனில் அர்ஃபெட்சன் என்பவரால் கண்டறியப்பட்ட தனிமம். உலோகங்களில் மிகவும் எடை குறைந்தது. கல்லிலிருந்து கிடைத்ததால் கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயர் பெற்றது. கீல்வாதத்திற்கு அதன் உப்புகளை மருத்துவர்கள் கொடுத்து வந்தனர். டென்மார்க்கில் கார்ல் லாங்கே என்பவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே மனச்சோர்வுக்கும் அதைக் கொடுத்தார். ஆனால் அம்முயற்சி மறக்கப்பட்டுவிட்டது.

லித்தியம் யூரேட்டைச் சேர்த்தபோது நஞ்சு கூடவில்லை, குறைந்தது! காத்த பொருள் லித்தியமாக இருக்குமோ என்று எண்ணி, லித்தியம் கார்பனேட்டை 0.5 விழுக்காட்டுக் கரைசலாக்கித் தனியே செலுத்தினார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, எப்போதும் மருண்டு துள்ளும் அவ்வுயிர்கள் விழித்தபடியே அமைதியாகிவிட்டன. மல்லாக்கப் படுக்க வைத்தாலும் புரண்டு எழவில்லை. அந்த மந்தம் லித்தியத்தின் நச்சு விளைவாகவே இருந்திருக்கலாம் என்று பிற்கால அறிஞர் பலர் கருதினர். மனவெழுச்சிக்குக் காரணமாக அவர் கருதிய அப்பொருளையும் பின்னர் எவரும் கண்டாரில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இவருக்கோ புதையல் புறப்பட்டது.

நோயாளிக்குக் கொடுக்கும் முன் லித்தியத்தைத் தாமே உட்கொண்டு பார்த்தார். தீங்கு நேரவில்லை. 1948 மார்ச்சு 29-ஆம் நாள் 51 வயதுடைய ஒரு நோயாளிக்கு அதைக் கொடுக்கத் தொடங்கினார். ஐந்து ஆண்டுகளாக ஓயாத எழுச்சியில் இருந்தவர் அவர். அந்தக் கூடத்திலேயே அடக்குதற்கரியவர் என்று பெயர் எடுத்தவர். சில நாட்களிலேயே மாறுதல் தெரிந்தது. மூன்று வாரங்களில் உடல்நலம் தேறுவோர் கூடத்திற்கு மாற்றப்பட்டார். ஜூலைத் திங்களில் வீடு திரும்பித் தம் பழைய வேலையிலும் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகள் கதவடைத்துக் கிடந்த ஒரு வாழ்வு மீண்டும் திறந்ததை எண்ணிப் பாருங்கள்.

மனவெழுச்சியுற்ற 10 பேர், மனச்சிதைவு நோயர் 6 பேர், நாட்பட்ட மனச்சோர்வு உடையோர் 3 பேர் ஆகியோர்க்கு லித்தியம் கொடுத்த விவரத்தை அவர் 1949 செப்டம்பர் 3-ஆம் நாள் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியிட்டார். மனவெழுச்சியுற்றோரிடமே நன்மை தெளிவாகத் தெரிந்தது. மனச்சிதைவு நோயரில் சிலரின் பரபரப்பு மட்டும் தணிந்தது. சோர்வுற்ற மூவர்க்கும் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. மனநோய்க்கென்று தனியாக ஒரு மருந்து இல்லாதிருந்த காலம் அது. மின்னதிர்ச்சியும், மூளையை அறுக்கும் அறுவையும், பூட்டிய அறையுமே வழி என்றிருந்த காலத்தில், குறைந்த விலையுள்ள ஓர் உப்பு அந்த வேலையைச் செய்தது.

வரலாறு இங்கே முடிந்திருந்தால் இனிய கதையாக இருந்திருக்கும். ஆனால் முதல் நோயாளி மருந்தை நிறுத்தினார்; நோய் திரும்பிற்று; 1949-இன் தொடக்கத்தில் மருத்துவமனைக்கே மீண்டும் வந்தார். மறுபடி மருந்து தொடங்கினர். இம்முறை அது அவர் உடலில் ஏறி நஞ்சாயிற்று. 1950 மே மாதம் அவர் இறந்தார். அதற்கு முன்பே அமெரிக்காவில், இதய நோயாளிகள் சாப்பாட்டு உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடைப் பயன்படுத்திச் சிலர் மாண்ட செய்தி பரவியிருந்தது. டாக்டர் கேட் மனம் நொந்து தம் மருத்துவமனையில் லித்தியம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். தாம் கண்ட மருந்தைத் தாமே கைவிட எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! பெயரும் புகழும் ஒருபுறம், ஓர் உயிர் ஒருபுறம் என்று வைத்தபோது அவர் தராசு எப்பக்கம் தாழ்ந்தது என்பதில் ஐயமில்லை.

அமிழ்தமும் அளவு மீறினால் நஞ்சு என்பது நம் பாட்டிமாரும் அறிந்த உண்மை. லித்தியத்தில் அந்த அளவின் எல்லை மிகக் குறுகியது. காரணம் இதுதான்: நம் சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே நடத்துகிறது. வியர்வையாலோ வாந்திபேதியாலோ உடலில் உப்பும் நீரும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அதோடு லித்தியத்தையும் பற்றிக்கொள்ளும். நேற்று மருந்தாக இருந்த அதே மாத்திரை இன்று நஞ்சாகிவிடும். வாயால் கொடுக்கும் அளவை மட்டும் அறிந்தால் போதாது. குருதியில் உள்ள அளவை அறிய வேண்டும்.

அந்த வழியைக் காட்டியவர்களும் மெல்பர்ன் நகரத்தாரே. நோவாக் என்னும் மருத்துவரும் டிரவுட்னர் என்னும் உடலியல் அறிஞரும் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 1951-இல் எழுதினர். பிறகு கெர்ஷன் என்னும் இளம் மருத்துவரும் அவர்களோடு சேர்ந்தார். குருதியில் லித்தியத்தை அளப்பதற்குச் சுடர் ஒளிமானி துணைபுரிந்தது. அக்கருவி இன்றும் நம் ஆய்வுக்கூடங்களில் உள்ளது. கரைசலைச் சுடரில் தெளித்தால் சோடியம் மஞ்சளாகவும், பொட்டாசியம் ஊதாவாகவும், லித்தியம் செக்கச் சிவப்பாகவும் எரியும். ஒளியின் வலிமையைக் கொண்டு பொருளின் அளவைக் கணிக்கலாம். செய்முறை வகுப்பில் அச்சிவப்பு ஒளியைக் காணும்போதெல்லாம், ஒருவரைக் காக்கும் அளவுக்கும் மாய்க்கும் அளவுக்கும் நடுவே நின்று காவல் காக்கும் விளக்கு இது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

டென்மார்க்கில் மோகன்ஸ் ஷூ என்னும் அறிஞர் 1954-இல் ஒழுங்கான ஒப்பாய்வு நடத்தி லித்தியத்தின் பயனை உறுதி செய்தார். அவருடைய சகோதரரும் மனச்சோர்வு நோயால் மீண்டும் மீண்டும் துன்புற்றவர். 1967-இல் பாஸ்ட்ரூப் என்பவரோடு சேர்ந்து, தொடர்ந்து உட்கொண்டால் நோய் திரும்பி வருவதையும் லித்தியம் தடுக்கிறது என்று காட்டினார். 1970-இல் அமெரிக்க அரசும் அம்மருந்துக்கு இசைவு அளித்தது. இன்று நம் இந்திய அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் லித்தியம் இடம்பெற்றுள்ளது.

டாக்டர் கேட் 1952 முதல் 1977 வரை மெல்பர்ன் ராயல் பார்க் மனநோய் மருத்துவமனையின் தலைவராக இருந்தார். 1974-இல் ஷூவோடு சேர்ந்து கிட்டே பரிசு பெற்றார். 1976-இல் ஆஸ்திரேலிய அரசு விருது வழங்கியது. 1980 நவம்பர் 16-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 68.

இனி நண்பர்களின் வினாவிற்கு வருவோம். அவர் தேடிய குறி இன்றேனும் கிடைத்ததா? தேடல் ஓயவில்லை. மூளை வளர்ச்சிக்கு உதவும் பி.டி.என்.எஃப். என்னும் புரதம் நோய் முற்றும் காலத்தில் குருதியில் குறைவதைக் கண்டனர். ஆனால் அது மற்ற மனச்சோர்விலும் குறைகிறது. அழற்சியைக் காட்டும் புரதங்கள் கூடுவதைக் கண்டனர். அவை வேறு பல நோய்களிலும் கூடும். உணவு, உறக்கம், புகைத்தல், உட்கொள்ளும் மருந்து எல்லாமே குருதியை மாற்றுகின்றன. மூளையில் நடப்பதெல்லாம் கை நரம்பில் எடுத்த குருதியில் அப்படியே தெரிவதுமில்லை.

2023-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விரல் நுனியில் எடுத்து உலர்த்திய குருதித் துளியில், செராமைடு முதலிய கொழுப்புப் பொருள்களை அளந்தனர். மனச்சோர்வு என்று முன்பு முடிவு கட்டப்பட்டவர்களுள் உண்மையில் இருமுனை நோய் உடையவர் யார் என்பதே அவர்கள் கேள்வி. அது சிறு கேள்வியன்று. இருமுனை நோயரைச் சோர்வு நோயர் என்று தவறாகக் கருதி, சோர்வு நீக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் சிலருக்கு எழுச்சி நிலை தூண்டப்படலாம். சரியான பெயர் தெரியுமுன் பல ஆண்டுகள் வீணாவதும் உண்டு. அக்குருதிச் சோதனை தனித்து நின்று அத்தகையோரில் 30 விழுக்காட்டினர் வரை இனங்காணக்கூடும் என்றனர்; நோயாளி தம் மனநிலையைப் பற்றித் தரும் விடைகளோடு சேர்ந்தபோது பயன் மிகுந்தது. ஆகவே இன்றைய நிலையில் குருதி துணை நிற்கலாம். தனியே தீர்ப்புச் சொல்லாது. நோயாளியின் வாய்ச்சொல்லும், உடனிருந்தோரின் கண் கண்டதும், பொறுமையோடு கேட்கும் மருத்துவரின் செவியுமே இன்றும் முதற்சான்று.

யாருக்கு நோய் என்று குருதி இன்னும் சொல்லவில்லை. மருந்து எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. லித்தியம் உட்கொள்வோர்க்குக் கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்துக் குருதி எடுப்பர். ஒரு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பதையே பெரும்பாலும் விரும்புவர், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. சிறுநீரகத்தையும் தைராய்டையும் இடையிடையே சோதிப்பதும் வேண்டும். கைநடுக்கம் மிகுதல், வாந்தி, பேதி, தள்ளாட்டம், குழறிய பேச்சு ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் லித்தியத்தின் அளவைக் கூட்டிவிடும். அனல் வீசும் கோடையில் இதை நினைவில் வைப்பது மிகத் தேவை.

தோழர்களே, வீட்டைவிட்டு நெடுந்தொலைவில் நாம் படிக்கிறோம். நம் மனம் பொங்கினாலும் வாடினாலும் முதலில் காண்பவர் பெற்றோர் அல்லர், அறைத்தோழரே. ஒருவன் நான்கைந்து இரவு உறங்காமலே களைப்பின்றித் திரிந்தால், அவன் பேச்சும் செலவும் கரை மீறினால், அல்லது வகுப்பையும் உணவையும் மறந்து போர்வைக்குள் கிடந்தால், ஏளனம் செய்யாதீர். ஆய்வுக்கூடத்துத் தாள் வரட்டும் என்று காத்திராதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; நீங்கள் கண்டதை நாள் குறித்து அவருக்குச் சொல்லுங்கள். இந்தி புரியாமலோ ஆங்கிலத்தில் நெஞ்சைத் திறக்க முடியாமலோ தயங்குவோர், அரசாங்கத்தின் டெலிமானஸ் சேவைக்கு 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். லித்தியம் உட்கொள்ளும் நண்பன் குருதிச் சோதனைக்குப் போகும் நாளில் துணைக்குச் செல்லுங்கள்.

சமையற்கட்டு அறையில் கினிப்பன்றிகளோடு அமர்ந்திருந்த அம்மருத்துவரிடம் நோயைக் காட்டும் குறி ஒன்றுகூட இல்லை. ஆயினும் எதிரே நின்றவர் நோயாளி என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை. அவர் மீளக்கூடியவர் என்பதிலும் நம்பிக்கை தளரவில்லை. குறி கிடைக்கும் நாள் வரட்டும். அதற்கென உழைக்க நம்முள்ளும் சிலர் முன்வரட்டும். அதுவரை, மனிதரை நம்பிய அந்த நெஞ்சம் நமக்கும் வேண்டும்.